சிறுவிடைக் கோழியும் ஊர்ச் சேவலும்

இளம்பிள்ளை நெசவுக்குப் பேர்போன ஊர். கஞ்சமலைக்கு அண்மையிலுள்ள இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களிலும் பொழுது விடிந்தால் தறியோசையே முதலில் காதில் விழும். முன்னாளில் தறியோசைக்கும் முன்னதாகச் சேவலோசை கேட்கும் என்று முதியோர் கூறுவர். தெருவில் பாவு நீட்டும் குடும்பங்களுக்குக் கோழி வளர்ப்பு எளிதான காரியமன்று. நீட்டிய பாவின்மீது ஒரு பெட்டைக்கோழி தன் குஞ்சுகளோடு ஏறி நடந்துவிட்டால் அரைநாள் உழைப்பு வீணாகும். ஆகவே, பாவு எடுத்து முடியும் வரையில் கோழிகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நாளடைவில் பஞ்சாரம் பரணுக்குப் போயிற்று. கோழி கறிக்குப் போயிற்று. உழவர் வீடுகளிலோ கோழி இன்னும் இருக்கிறது. ஆனால் அஃது எந்தக் கோழி என்று கேட்டால், பலருக்கும் மறுமொழி கூற இயலவில்லை.

சேலம், நாமக்கல் சமவெளியில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் சிறுவிடைக் கோழியை இனங்காண்பது எப்படி, கலப்பின்றிப் பெருக்குவது எப்படி, அதில் ஊராட்சி மன்றத்தின் பங்கு யாது என்பவற்றை உறுப்பினர்களுக்கும் உழவர் பெருமக்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதனை எழுதுபவன் கால்நடை மருத்துவன் அல்லன். வட்டார வளர்ச்சிப் பணியில் இருப்பவன். நோய், மருந்து பற்றிய செய்திகளைக் கால்நடை உதவி மருத்துவர்களிடம் கேட்டறிந்தே எழுதுகிறேன்.

சிறுவிடை என்பது யாது?

பருவமெய்திய இளங்கோழியை நம் பக்கத்தில் விடைக்கோழி என்பது வழக்கம். உயர்ந்த காலும் தடித்த எலும்பும் நிமிர்ந்த கழுத்தும் உடைய அசீல் வகையினைப் பெருவிடை என்றும், சிறிய உடற்கட்டுடைய வீட்டுக்கோழியைச் சிறுவிடை என்றும் பிரித்துக் கூறுவர். சில இடங்களில் இதனைக் குருவுக்கோழி என்றும் அழைப்பதுண்டு. வளர்ந்த பெட்டையின் எடை ஒன்றேகால் கிலோ அளவே இருக்கும். சேவல் ஒன்றரை முதல் இரண்டு கிலோ. பெருவிடைச் சேவல் மூன்று, நான்கு கிலோவுக்கு வளரும் என்பதனை இதனோடு ஒப்பிட்டுக் காண்க.

நிறத்தைக் கொண்டு சிறுவிடையை அறிய முற்படுவது பிழை. கருமை, பழுப்பு, செம்மை, வெண்புள்ளி, சாம்பல் எனப் பல நிறங்களும் இதில் உண்டு. கழுத்தில் இறகில்லாத கிராப்புக் கோழி, தலையில் இறகுக் குடுமியுடைய கொண்டைக் கோழி ஆகியவையும் இவற்றினிடையே தோன்றும். கழுத்தில் இறகின்மை ஒரேயொரு மரபுக் கூற்றினால் அமைவது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே அது வெளிப்படும். வெயில் மிகுந்த நாட்களில் இத்தகைய கோழி உடற்சூட்டை எளிதில் வெளியேற்றுகிறது. பார்வைக்கு அழகில்லை என்று அதனை முதலில் அறுத்துவிடும் வழக்கம் நம்மிடம் உள்ளது. நம் பங்குனி வெயிலுக்கு அதுவே ஏற்ற பறவை என்பதனை உணர்தல் வேண்டும்.

சிறுவிடையின் சிறப்பு அதன் நடத்தையில் இருக்கிறது. பத்து முதல் பதினைந்து முட்டை இடும். உடனே அடைக்கு உட்காரும். 21 நாள் இமை கொட்டாமல் காக்கும். பொரித்த குஞ்சுகளைச் சிறகில் அணைத்து, இரை கிளறிக் காட்டி, பருந்தின் நிழல் தரையில் விழுந்த கணத்திலேயே குரல் கொடுத்து ஒளியச் செய்யும். ஆண்டிற்கு மூன்று, நான்கு தடவை இவ்வாறு செய்யும். முட்டை சிறிது, 40 கிராம் அளவிருக்கும். நாமக்கல் பண்ணைகளின் கூண்டுக்கோழி ஆண்டிற்கு 300 முட்டைக்கு மேல் இடுகிறது. முட்டைக் கணக்கில் சிறுவிடை அதற்கு ஈடாகாது. ஆனால் கூண்டுக்கோழிக்கு அடைகாக்கத் தெரியாது. அடைக்கு உட்காரும் கோழி அந்நாட்களில் முட்டையிடாது என்பதனால், பல தலைமுறைகளாக அவ்வியல்பைத் தெரிந்தெடுத்து நீக்கிவிட்டார்கள். பொறிப்பகமும் மின்சாரமும் தீவன ஆலையும் இருக்கும் வரையில்தான் அக்கோழி வாழும். சிறுவிடைக்கு ஒரு கூடையும் சிறிது வைக்கோலும் போதும்.

ஈண்டு ஒரு செய்தியைக் கூறாமல் மேற்செல்ல மனமில்லை. உலகிலுள்ள வீட்டுக்கோழிகள் யாவும் சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்தே தோன்றின என்பது டார்வின் காலம் முதல் வந்த கருத்து. 2008 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள், கோழியின் மஞ்சள் நிறக் காலுக்கும் தோலுக்கும் காரணமான மரபுக்கூறு சிவப்புக் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததன்று, சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று கண்டறிந்தனர். சாம்பல் காட்டுக்கோழி இந்தியத் தீபகற்பத்திற்கே உரிய பறவை. தென்னாட்டு மலைக்காடுகளில் இன்றும் கூவுகிறது. அமெரிக்க நாட்டின் இறைச்சிக்கோழிக்கும் மஞ்சள் காலைக் கொடுத்தது நம் பக்கத்துக் காட்டுப் பறவை என்பது இதனால் விளங்கும். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டைச் சார்ந்தது எனக் கருதப்படும் நடுகல் ஒன்று சண்டையிட்ட சேவலுக்காக நடப்பட்டது. கோழியை இந்நாட்டார் மதித்த தன்மைக்கு இதனினும் சான்று வேண்டுமா!

இனம் குன்றியது எவ்வாறு?

2019 ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட 20 ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் கோழியினங்களின் எண்ணிக்கை 12 கோடிக்கு மேற்பட்டது. மாநிலங்களுள் இதுவே முதலிடம். இத்தொகையில் மிகப் பெரும்பகுதி பண்ணைக்கோழிகளே. எண்ணிக்கை மலிந்திருப்பதனால் இனமும் நலமாக இருக்கிறது என்று கொள்ளலாகாது.

1952 அக்டோபர் 2 ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் பின்வந்த ஆண்டுகளில், நாட்டுக்கோழியை மேம்படுத்தும் எண்ணத்துடன் ஒயிட் லெகார்ன், ரோட் ஐலண்டு ரெட் ஆகிய அயல்நாட்டு இனச் சேவல்கள் கிராமங்களில் வழங்கப்பட்டன. அக்காலத்து உணவுப் பற்றாக்குறையை நினைத்தால் அந்நோக்கத்தைக் குறைகூற இயலாது. பிற்காலத்தில் ஹைதராபாத்திலுள்ள மத்தியக் கோழியின ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வனராஜாவும், பெங்களூரில் உருவான கிரிராஜாவும் புறக்கடைக்கு வந்தன. இவை நல்ல பறவைகளே, விரைவில் எடை கூடும், முட்டையும் மிகுதி. ஆயினும் இவற்றை வாங்கி வளர்த்து விற்பது ஒரு தொழில். ஊர்க்கோழியோடு கலந்து விடுவது வேறு செயல். இவ்விரண்டையும் வேறுபடுத்தி நோக்காமல் நாம் நடந்துகொண்டோம்.

'நாம்' என்று பொதுப்படக் கூறிவிட்டு நழுவ விரும்பவில்லை. சற்றேறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு முன், வேறொரு ஒன்றியத்தில் விரிவாக்க அலுவலனாக இருந்தபோது, கலப்பினக் குஞ்சுகளை ஒரு சிற்றூரில் வீடுதோறும் வழங்கும் பணியை நானே முன்னின்று நடத்தினேன். "பழைய சேவல்களை விற்றுவிடுங்கள், இவற்றுக்கு இடையூறாகச் சண்டையிடும்" என்று அறிவுரையும் கூறினேன். என் சொல்லை மதித்து விற்றார்கள். இரண்டாண்டு கழித்து அவ்வூருக்குச் சென்றபோது, முதிய பெண்மணி ஒருவர் என்னை அடையாளம் கண்டு கேட்டார்:

"ஏனுங்க, நீங்க குடுத்த கோழி முட்டை வெக்குதுங்க. ஆனா அடைக்கு உக்கார மாட்டேங்குதுங்களே. ஒவ்வொரு தடவையும் குஞ்சுக்கு உங்க ஆபீசுக்குத்தான் வரணுங்களா?"

அவருக்கு நான் கூறிய மறுமொழி எதுவும் இல்லை. அவ்வூரில் அடைகாக்கும் கோழிக்காகப் பக்கத்துச் சிற்றூருக்குப் போய்க் கேட்டு வாங்கவேண்டிய நிலை உண்டாகியிருந்தது. வழங்கிய ஆண்டறிக்கையில் அத்திட்டம் 'இலக்கு முழுமையாக எய்தப்பட்டது' என்றே பதிவாயிற்று. எழுதியவன் நானே.

கலப்பினால் இவ்வாறு நேர்வது ஏன் என்பதனை நெசவாளர் எளிதில் புரிந்துகொள்வர். பாவு ஒரு நிறமாகவும் ஊடை வேறொரு நிறமாகவும் வைத்து நெய்த துணி இருநிறப் பளபளப்புடன் தோன்றும். அத்துணியைப் பிரித்து, நூலை ஒன்றாகக் கலந்து மறுபடி நெய்தால் அப்பளபளப்பு வாராது. இழைக்கு இழை மாறுபட்டுத் தோன்றும். இரு வேறு இனங்களைக் கலந்து பெறும் முதல் தலைமுறைக் குஞ்சுகளும் இத்தன்மையனவே. அவை தாய் தந்தையரினும் வலிவுடன் வளரும். அவற்றைத் தம்முள் இணையவிட்டால் அடுத்த தலைமுறையில் அவ்வலிவு குறையும். ஒரு குஞ்சு பெரிதாகவும் மற்றொன்று நலிந்தும், ஒன்று அடைகாப்பதாகவும் மற்றொன்று காவாததாகவும் சிதறிப் போகும். அதனால்தான் கலப்பினக் குஞ்சினை ஒவ்வொரு முறையும் பொறிப்பகத்திலிருந்தே வாங்கவேண்டியிருக்கிறது.

சேவல் கணக்கு

ஓர் ஊரில் 40 பெட்டைக்கோழிகள் இருக்கின்றன என்று கொள்வோம். எல்லாம் நல்ல சிறுவிடை. சேவல் ஒன்றே ஒன்று. இனம் காக்கப்பட்டுவிட்டது என்று நாம் மகிழலாமா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

சுவல் ரைட் என்ற அமெரிக்க மரபியல் அறிஞர் 1931 ஆம் ஆண்டளவில் வகுத்த முறை இது. சேவலின் எண்ணிக்கையைப் பெட்டையின் எண்ணிக்கையால் பெருக்குக. வந்த தொகையை 4 ஆல் பெருக்குக. அதனைச் சேவல், பெட்டை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க. கிடைப்பதே 'பயனுறு தொகை'. ஒரு சேவல், 40 பெட்டை எனில் 160 ஐ 41 ஆல் வகுக்க, ஏறத்தாழ 4 வருகிறது. அதாவது, கண்ணுக்கு 41 பறவைகள் தோன்றினும், மரபு வளத்தைப் பொறுத்தவரையில் அங்கிருப்பவை நான்கே. சரி, பெட்டைகளைப் பெருக்குவோம் என்று 100 ஆக்கினால் என்ன ஆகும்? 400 ஐ 101 ஆல் வகுத்துப் பாருங்கள். அப்போதும் நான்கைத் தாண்டாது! சேவலை 5 ஆக்கினாலோ, பெட்டை 40 ஆகவே இருப்பினும், தொகை 18 ஐ எட்டிவிடும்.

பயனுறு தொகை குறையக் குறைய, உறவுக்குள் உறவு கலப்பது மிகும். ஒரு சேவலே உள்ள ஊரில் அடுத்த ஆண்டின் குஞ்சுகள் யாவும் ஒரு தந்தை மக்கள். தலைமுறை ஒன்றுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரைக்கு மேல் நெருங்கிய உறவுக் கலப்பு ஏறும். விளைவுகளை நீங்கள் கண்டிருப்பீர்கள்: முட்டை கூழாதல், குஞ்சு ஓட்டுக்குள்ளேயே இறத்தல், பிறந்தவை நோய் தாங்காது மடிதல். "இந்த வருஷம் அடை சரியாகப் படவில்லை" என்று காலத்தின்மேல் பழிபோடுகிறோம். குறை காலத்தினுடையதன்று.

இக்கலப்பு ஒரு தலைமுறைக்கு நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்படாதிருக்கவேண்டுமாயின் பயனுறு தொகை 50 ஆவது இருத்தல் வேண்டும் என்பது மரபியலார் கொண்டுள்ள அளவு. 15 சேவலும் 75 பெட்டையும் இருந்தால் இத்தொகை சரியாக 50 வரும். ஒரே சிற்றூரில் 15 சேவலை வைத்துக் காக்க எவராலும் ஆகாது. சண்டையிலேயே பாதி மடியும். ஐந்து சிற்றூர்கள் சேர்ந்தால் ஊருக்கு 3 சேவல், 15 பெட்டை. இது எந்த ஊருக்கும் பாரமாகாது. ஆகவேதான் இவ்வேலையைத் தனியொருவர் செய்ய முடியாது, ஊராட்சிகள் கூடிச் செய்ய முடியும் என்கிறேன்.

முறை மிக எளிது. ஐந்து ஊர்களையும் ஒரு வட்டமாக எண்ணிக்கொள்க. ஆண்டிற்கொரு முறை முதலாம் ஊரின் சேவல்கள் இரண்டாம் ஊருக்கும், இரண்டாம் ஊரினது மூன்றாம் ஊருக்கும், இவ்வாறே சென்று ஐந்தாம் ஊரினது முதலாம் ஊருக்கும் மாறவேண்டும். பெட்டைகள் பிறந்த ஊரிலேயே தங்கும். இதனால் எந்தச் சேவலும் தன் மகளோடு இணையாது.

சேவலைத் தெரிந்தெடுக்கும்போது நம்மிடமுள்ள ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ளவேண்டும். ஊரில் மிக அழகிய, மிகத் திடமான சேவல் எங்கே போகிறது? முனியப்பன் கோவில் வேண்டுதலுக்கு முதலில் நேர்ந்துவிடப்படுகிறது. அல்லது மருமகன் வரும் நாளில் குழம்பாகிறது. யாரும் விரும்பாத மெலிந்த சேவலே எஞ்சி நின்று ஊருக்கெல்லாம் தந்தையாகிறது. வேறெந்தக் கால்நடையிலும் நாம் இப்படித் தலைகீழாகத் தெரிந்தெடுப்பதில்லை. வேண்டுதலைக் கைவிடச் சொல்லவில்லை. நேர்ந்துவிட்ட சேவலை ஓராண்டு ஊரில் உலவவிட்டு, அதன் குஞ்சுகள் பிறந்தபின் படைப்பதனால் தெய்வக்குற்றம் ஏதும் நேராது என்று பூசாரிகளே என்னிடம் கூறினர்.

அடைகாத்து வளர்த்த தாயின் மகனாக இருக்கவேண்டும் என்பதே சேவலுக்குரிய முதல் தகுதி. முட்டை வைக்கும் குணமும் அடைகாக்கும் குணமும் சேவலின் உடலில் தெரியாது. தாயைப் பார்த்தே அறியவேண்டும். அடுத்து, காலும் விரலும் கோணாமல் இருத்தல், கண் தெளிவாக இருத்தல், முன்னாண்டு நோய்க்குத் தப்பியிருத்தல் ஆகியவற்றைப் பார்க்க. எடையை மட்டும் நோக்கி எடுத்தால், சில ஆண்டுகளில் பெருவிடைக் கலப்புச் சேவல்களே வட்டத்தில் நிறைந்துவிடும். சிறுவிடை சிறிதாகவே இருக்கட்டும். சிறிய உடலால்தான் அது குறைந்த இரையில் வாழ்கிறது. மரத்திலேறி நாய்க்கும் கீரிக்கும் தப்புகிறது.

பெருவிடையைச் சண்டைக்காக வளர்ப்போர் இனத்தூய்மையில் காட்டும் அக்கறையை நாம் கற்கலாம். சேவலின் நான்கு தலைமுறை வழியை வாய்ப்பாடமாகச் சொல்வோரைச் சந்தித்திருக்கிறேன். சண்டையைக் கற்கவேண்டா. விலங்குகளை ஒன்றோடொன்று மோதவிடத் தூண்டுவது 1960 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

வெள்ளைக் கழிச்சல்

எத்தனை கணக்குப் போட்டாலும், வெள்ளைக் கழிச்சல் ஒருமுறை ஊருக்குள் புகுந்தால் ஒரு வாரத்தில் கூடுகள் காலியாகிவிடும். இந்நோயை ஆங்கில மருத்துவர்கள் ராணிகேத் நோய் என்பர். இமயமலைச் சாரலில் குமாவுன் பகுதியிலுள்ள ராணிகேத்தில் 1920களின் இறுதியில் இது கண்டறியப்பட்டதனால் அப்பெயர். இதற்குரிய தடுப்பு மருந்தை நம் மாநிலத்தில் ராணிப்பேட்டையிலுள்ள கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் தயாரிக்கிறது. அந்நிலையம் 1932 ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. ராணிகேத்தும் ராணிப்பேட்டையும் ஒன்றென்று எண்ணி, 'நோயும் அங்கிருந்துதான் வருகிறது' என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் வாதிட்டார். பெயர் ஒலிதான் ஒன்று. ஒன்று நோயின் ஊர், மற்றொன்று மருந்தின் ஊர்.

நோய் வந்தபின் மருந்தில்லை. எச்சம் வெண்மையும் பச்சையுமாகக் கழியும், மூச்சு இரையும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், சாகும். வருமுன் காத்தலே வழி. குஞ்சு பொரித்த 7 ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து. 8 ஆவது வாரம் இறக்கையின் தோலடியில் ஓர் ஊசி. ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் கால்நடை பராமரிப்புத் துறை இருவாரத் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம், அவ்வூசி இலவசம். ஆனால் ஊசிக்காரர் காலை பத்து மணிக்கு வருவாரானால், கோழிகள் ஆறு மணிக்கே வேலிக்குள் போய்விடும்! முகாமின் முதல்நாள் இரவே கூட்டிலும் பஞ்சாரத்திலும் அடைத்து வைக்குமாறு தண்டோராவோ ஒலிபெருக்கியோ கொண்டு அறிவிப்பது ஊராட்சியின் பொறுப்பு. முகாம் பயன்படுவதும் படாததும் பெரும்பாலும் இவ்வொரு செயலில் அடங்கியிருக்கிறது.

மருந்தைக் குளிர் குறையாமல் கொண்டுவர வேண்டும். கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்திற்குள் செலவிடவேண்டும். மீந்ததை மாலை வேறு தெருவுக்குக் கொண்டுபோவது வெறுந்தண்ணீரைக் குத்துவதற்கு ஒப்பாகும். ஊசிக்கு ஒரு வாரத்திற்கு முன் குடற்புழு மருந்து கொடுத்தல் நலம். வீடுதோறும் ஊசிபோட இயலாத இடங்களுக்கென, இரையோடு கலந்து கொடுக்கும் குருணை வடிவிலான மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியுள்ளது. கிடைக்குமா என்பதனைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டறியலாம்.

மேலே சொன்ன சேவல் மாற்றத்தை முதலில் நான் தைப் பொங்கலை ஒட்டி வைக்க எண்ணினேன். மக்கள் மகிழ்ச்சியாகக் கூடும் காலமாயிற்றே என்று. உதவி மருத்துவர் தடுத்தார். ஊசி போடாத சேவலை ஐந்து ஊர்களுக்கும் சுற்றவிட்டால் இனத்தைச் சுற்றவிடுவோமோ நோயைச் சுற்றவிடுவோமோ என்று அவர் கேட்டது நியாயமாகவே பட்டது. ஆகவே முகாம் முடிந்து மூன்று வாரம் சென்றபின், மாசிக் கடைசியிலோ பங்குனித் தொடக்கத்திலோ மாற்றுதலே முறை. வந்த சேவலை உடனே ஊர்க்கோழியோடு விடாமல் 14 நாள் தனிப் பஞ்சாரத்தில் வைத்திருக்க வேண்டும்.

அடைவைத்தலும் இரையும்

இவை பெண்கள் நன்கறிந்தவை, சுருக்கமாகக் கூறுவேன். முட்டை ஏழு நாளுக்குமேல் பழையதாகாமல் அடைவைக்க வேண்டும். கோடையில் முட்டைகளை ஈரமணல் நிரப்பிய சட்டியின்மேல், துணி விரித்து வைத்துக் காப்பது நலம். சிறுவிடைக்கு 10 முதல் 12 முட்டை போதும். ஆசைப்பட்டு 18 வைத்தால் ஓரத்து முட்டைகள் சூடு பெறாமல் கெடும். 7 ஆம் நாள் இரவில் முட்டையை விளக்கின் முன் பிடித்தால், கருக்கூடியதில் சிலந்தி போன்ற செந்நரம்பு தெரியும்; தெரியாததை நீக்கிவிடலாம். இடிக்குத் தப்ப அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் இடும் வழக்கம் உண்டு. அதனால் தீங்கில்லை, ஆனால் இரும்பு முட்டையின்மேல் உருண்டு விழாதபடி அடியில் இடுக.

குஞ்சுகளுக்கு முதல் வார இரை குருணையும் கறையானும். பழஞ்சட்டியில் கிழிந்த சாக்கும் சாணமும் அடைத்து நீர் தெளித்து மாலையில் புற்றருகே கவிழ்த்தால், காலையில் கறையான் நிறைந்திருக்கும். தாய்க்கோழியிடமிருந்து குஞ்சுகளைச் சீக்கிரமே பிரித்து, அதனை மறுபடி முட்டைக்குக் கொண்டுவரும் முறையைச் சிலர் புகழ்ந்துரைக்கின்றனர். வருமானத்திற்கு அது நன்று. எனினும், வட்டத்திற்குரிய பெட்டைகளைத் தாயோடு முழுக்காலமும் வளரவிடவேண்டும் என்பது என் எண்ணம். இரை தேடலையும் பருந்தஞ்சலையும் தாயிடமிருந்தே குஞ்சு கற்கிறது.

விற்பனையில் எச்சரிக்கை

நாட்டுக்கோழி என்ற பெயருக்குச் சந்தையில் விலை கூடுதல். அப்பெயரால் கலப்பினப் பறவைகளே பெரும்பாலும் விற்கப்படுகின்றன. பழுப்பு ஓடுடைய முட்டை யாவும் நாட்டு முட்டை என்று நகரத்தார் நம்புகிறார்கள். ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது, சத்தைப் பொறுத்ததன்று. பொய் சொல்லி விற்கும் தேவை சிறுவிடைக்கு இல்லை. அதன் கறியின் சுவையைத் தின்றவர் மறவார்.

மத்தியப் பிரதேசத்து ஜாபுவா மாவட்டத்தில் பில் பழங்குடியினர் வளர்த்துவந்த கடக்நாத் என்னும் கருங்கோழிக்கு 2018 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குமுன் பல ஆண்டுகள் அவ்வட்டாரத்து வேளாண் அறிவியல் நிலையமும் பழங்குடி மக்களும் உழைத்து இனத்தைப் பெருக்கியிருந்தனர். பெயர் பரவியபின் நாடெங்கும் கருநிறக் கலப்புகள் கடக்நாத் என்று விலைபோயின. இனத்தை முதலில் நிலைநிறுத்தி, பிறகு விளம்பரம் செய்வதே முறை என்பதற்கு இரு பக்கத்துச் சான்றும் அங்கே உண்டு.

நம் பக்கத்துச் சான்று இன்னும் கசப்பானது. ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டாரத்தில் தோன்றிய ஈமு வளர்ப்பு மோகம் 2012 ஆம் ஆண்டில் இடிந்து விழுந்ததை நீங்கள் அறிவீர்கள். பறவையைக் கொடுத்து, தீவனத்தையும் மாத ஊதியத்தையும் கொடுப்பதாகச் சொல்லி, முன்பணம் பெற்றார்கள். பறவையை உண்பார் எவர், வாங்குவார் எவர் என்று கேட்டவர் சிலரே. சேலம், நாமக்கல் பக்கத்தாரும் பணமிழந்தனர். 'அரிய இனம், குஞ்சு நாங்கள் தருகிறோம், வளர்த்தபின் நாங்களே எடுத்துக்கொள்கிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்' என்று எவரேனும் சிறுவிடையின் பெயரால் உங்கள் ஊருக்கு வந்தால், அமரச் சொல்லி மோர் கொடுங்கள், பணம் கொடுக்கவேண்டா. சிறுவிடைக் குஞ்சு உங்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது.

ஊராட்சி செய்யத்தக்கது

கால்நடை இனங்களை ஆராய்ந்து பதிவு செய்யும் மத்திய அமைப்பு, அரியானா மாநிலம் கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம். அதன் பதிவேட்டில் அசீல் இனத்தின் தாயகமாக ஆந்திரம், ஒடிசா, சத்தீஸ்கர் ஆகியவை குறிக்கப்பட்டுள்ளன. நம் பெருவிடை வளர்ப்போருக்கு இது வியப்பாக இருக்கலாம். எழுதி வைத்தவர்க்கே ஏட்டில் இடம். நம் ஊர்க்கோழியைப் பற்றி நாம்தான் எழுதி வைக்கவேண்டும்.

அதற்குச் சட்டமே வழி வகுத்துள்ளது. 2002 ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் 41 ஆம் பிரிவு, ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கவேண்டும் என்கிறது. பயிர்வகைகளோடு வளர்ப்பு விலங்கினங்களையும் காத்தலும் பதிவு செய்தலும் அக்குழுவின் பணி. மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்ற ஒன்றைக் குழு பேணவேண்டும். பல ஊராட்சிகளில் அப்பதிவேட்டில் ஆலமரமும் அரசமரமும் இருக்கும், கோழி இராது. வீட்டுக்கு எத்தனை பெட்டை, எத்தனை சேவல், என்ன நிறம், எத்தகைய கொண்டை, ஓர் அடைக்கு எத்தனை முட்டை வைத்து எத்தனை பொரித்தன, எட்டு வாரத்தில் எத்தனை உயிரோடிருந்தன என்பவற்றை மகளிர் குழுவினர் ஒரு பள்ளி நோட்டில் எழுதினாலே அது ஓர் ஆவணமாகும். மூன்றாண்டுக் குறிப்பு இருந்தால், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திற்கோ எடுத்துச் சென்று பேசலாம். வெறுங்கையோடு போய்த் திட்டம் கேட்பதினும் அது மேல்.

கலப்பினக் குஞ்சு வழங்கும் திட்டம் உங்கள் ஊருக்கு வரின் வேண்டா என்று மறுக்கவேண்டியதில்லை. வறுமைப்பட்ட குடும்பத்திற்கு அதனால் வரும் வருமானம் மெய்யானது. அக்கலப்பினத்தில் சேவல்களை மட்டும் ஐந்து மாதத்திற்குள் விற்றுவிடச் செய்க, ஊர்ப்பெட்டைகளோடு உலவவிடாதீர்கள். கூட்டத்தில் ஒரு தீர்மானம் இயற்றுவதே போதும், செலவில்லாத தீர்மானம்.

எங்கள் ஒன்றியத்தில் ஐந்து சிற்றூர்கள் இவ்வட்டத்திற்கு இசைந்து முதல் மாற்றத்தை நடத்தின. மூங்கிற்கூடைகளைக் கட்டிக்கொண்டு இரு சக்கர வண்டிகளில் சேவல்களைக் கொண்டுசென்றார்கள். பெரியவர் ஒருவர் மட்டும் தம் சேவலைத் தர மறுத்துவிட்டார். விலை தருகிறோம் என்றோம், அதற்கும் இசையவில்லை. காரணம் கேட்டபோது, தமக்கு வரப்போகும் சேவலின் தாயைத் தாம் ஒருமுறை கண்ணால் பார்க்கவேண்டும் என்றார். பக்கத்து ஊருக்கு அழைத்துச் சென்றோம். அது அப்போது பதினொரு குஞ்சுகளோடு குப்பைமேட்டைக் கிளறிக்கொண்டிருந்தது. நெடுநேரம் நின்று பார்த்தார். பிறகு வீட்டிற்கு வந்து, தாமே கூட்டைத் திறந்து, சேவலைப் பிடித்துக் கூடையில் வைத்தார்.